கடல் லாம்ப்ரேயும் ஐந்து பேரேரிகளும்: கொல்லும் மருந்துக்குள் காக்க வேண்டிய மீன்கள்

ஓர் ஆற்றில் மருந்து கலக்கப் போகிறார்கள். கொல்ல வேண்டிய மீன் ஆற்றின் வண்டலுக்குள் புதைந்து கிடக்கிறது. காக்க வேண்டிய மீன் அந்த வண்டலுக்கு மேலே நீந்திக்கொண்டிருக்கிறது. காக்க வேண்டிய இன்னொரு மீனோ அதே வண்டலுக்குள், கொல்ல வேண்டியதன் பக்கத்திலேயே, பார்ப்பதற்கும் கிட்டத்தட்ட அதைப் போலவே கிடக்கிறது. மருந்து மூன்றையும் தொடும். செத்துப்போக வேண்டியது ஒன்று மட்டும்தான்.

வட அமெரிக்காவின் பேரேரிகளில் 1958 முதல் இன்றுவரை இந்தச் சிக்கலோடுதான் வேலை நடக்கிறது. கொல்ல வேண்டியது கடல் லாம்ப்ரே என்ற மீன். அயல் மீன் ஒன்றை அடக்கும் முயற்சிகளில் இவ்வளவு நீண்டதும், இவ்வளவு ஒழுங்காகப் பதிவு செய்யப்பட்டதும் மிகக் குறைவு. நம் ஏரிகளில் டேங்க் கிளீனரும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வலை நிறைய ஏறுவதைப் பார்க்கிற நாம் இதை விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு, இன்னும் தீராத வழக்குகளும் உண்டு.

வந்த வழி

சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி, ஒன்டாரியோ என ஐந்து ஏரிகள். ஒன்றின் நீர் இன்னொன்றில் விழுந்து, கடைசியில் ஒன்டாரியோ வழியாக செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் சேர்ந்து அட்லாண்டிக் கடலுக்குப் போகிறது. டொராண்டோ தமிழர்கள் தினமும் பார்க்கிற ஏரி இந்த வரிசையில் கடைசி. அதற்கும் அதன் மேலே இருக்கும் ஈரி ஏரிக்கும் நடுவில் சுமார் 50 மீட்டர் உயரத்தில் நயாகரா நிற்கிறது. கடலிலிருந்து ஏறி வருகிற எந்த மீனும் அதைத் தாண்ட முடியாது. மேல் ஏரிகளின் மீன்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக அந்தக் காவலுக்குள் வளர்ந்தவை.

1829-ல் கப்பல் போக்குவரத்துக்காக நயாகராவைச் சுற்றி வெல்லண்ட் கால்வாய் திறக்கப்பட்டது. ஒன்டாரியோ ஏரியில் கடல் லாம்ப்ரே 1835-ல் பதிவானது. அங்கே அது முன்பே இருந்ததா, பிறகுதான் வந்ததா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஈரி ஏரியைப் பற்றி அப்படி வாதம் எதுவும் இல்லை. கால்வாயை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகலமாக்கி ஆழப்படுத்திய பிறகு, 1921-ல் அங்கே லாம்ப்ரே கிடைத்தது. 1938-க்குள் மேலே இருக்கும் மற்ற மூன்று ஏரிகளுக்கும் போய்விட்டது.

பார்க்க விலாங்கு மாதிரி இருந்தாலும் இது விலாங்கு இல்லை. தாடை கிடையாது, செதில் கிடையாது, எலும்பும் கிடையாது. வட்டமான உறிஞ்சு வாய், அதற்குள் வளையம் வளையமாகப் பற்கள், நடுவே அரம் போன்ற நாக்கு. பெரிய மீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு தோலை அறுத்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் உமிழ்நீரைச் செலுத்தி, உடல் திரவங்களைக் குடிக்கும். அட்லாண்டிக் கடலில் இது தொற்றும் மீன்கள் பெரும்பாலும் உருவத்தில் பெரியவை, லாம்ப்ரேயோடு நெடுங்காலம் பழகியவையும்கூட. அதனால் அவை பிழைத்துவிடும். ஏரி மீன்களுக்கு அந்தத் தாங்குசக்தி இல்லை. ஒட்டுண்ணியாக வாழும் ஒன்று, ஒன்றரை ஆண்டில் ஒரு லாம்ப்ரே 18 கிலோ வரை மீனைக் கொல்லும்.

லாம்ப்ரே வருவதற்கு முன்பு மேல் ஏரிகளில் கனடா, அமெரிக்கா என்ற இரு நாட்டு மீனவர்களும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி பவுண்டு லேக் டிரவுட் என்ற வேட்டை மீனைப் பிடித்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் அது 3 லட்சம் பவுண்டாகச் சுருங்கியது. பழி முழுவதையும் லாம்ப்ரே மேல் போடுவது நியாயமில்லை. அளவுக்கு மீறிய மீன்பிடியும் அதே காலத்தில் நடந்தது. ஆனால் பெரிய டிரவுட், அதாவது முட்டையிடும் வயதுக்கு வந்த டிரவுட், முதலில் போனதற்கு லாம்ப்ரேதான் காரணம். ஒட்டிக்கொள்ள அது பெரிய உடம்பைத்தான் தேடும்.

மேலே இருந்த வேட்டை மீன் போனதும், கடலிலிருந்து வந்த இன்னொரு அயல் மீனான ஏல்வைஃப் பெருகியது. இது மத்தி மாதிரி சின்ன மீன். தின்ன ஆள் இல்லாததால் கணக்கில்லாமல் பெருகி, 1967-ல் மிச்சிகன் ஏரியில் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கரை ஒதுங்கியது. ஓர் அயல் மீன் கிளப்பிய பிரச்சினையை இன்னோர் அயல் மீன் எப்படிப் பெரிதாக்கும் என்பதை அந்த ஊர்க்காரர்கள் கடற்கரை நாற்றத்தில்தான் புரிந்துகொண்டார்கள்.

எங்கே அடிப்பது

கண்ணுக்குத் தெரிவது டிரவுட்டின் உடம்பில் ஒட்டியிருக்கும் லாம்ப்ரே. அதனால் முதலில் எல்லோருடைய கவனமும் பெரிய லாம்ப்ரே மேல்தான் போனது. அது முட்டையிட ஆறுகளில் ஏறும்போது பொறி வைத்தார்கள், வேலி போட்டார்கள், மின்சாரத் தடுப்பு வைத்தார்கள். வெள்ளம் வந்தால் தடுப்பு போய்விடும், மின்சாரம் மற்ற மீன்களையும் தாக்கும். ஒரு பெண் லாம்ப்ரே பல பத்தாயிரம் முட்டையிடும் என்பதால் தப்பிய சிலவே ஆற்றை மறுபடி நிரப்பப் போதும்.

வெர்னன் ஆப்பிள்கேட் என்ற ஆய்வாளர் மிச்சிகன் மாநிலத்தின் ஆறுகளில் இறங்கி இந்த மீனின் வாழ்க்கையை முழுதாக எழுதினார். 1950-ல் அது முனைவர் பட்ட ஆய்வாக வெளிவந்தது. அதில் தெரிந்தது இதுதான்: முட்டையிலிருந்து வரும் குஞ்சு, கண் வளராத, புழு போன்ற ஒரு பருவத்தில் ஆற்று வண்டலுக்குள் புதைந்துகொள்ளும். தண்ணீரில் வருவதை வடிகட்டித் தின்று மூன்று முதல் ஏழு ஆண்டுகள், சில சமயம் இன்னும் அதிகமாக, அங்கேயே கிடக்கும். பிறகுதான் உருமாறி ஏரிக்குப் போகும். ஏரியில் தேடினால் கடலில் ஊசி தேடுவது போல. ஆற்றிலோ பல வருடக் குஞ்சுகள் ஒரே இடத்தில், ஓடிப்போகாமல், அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. பேரேரிகளில் சேரும் ஆறுகளும் ஓடைகளும் ஐயாயிரத்துக்கு மேல். அவற்றில் லாம்ப்ரே வளர ஏற்றவை சுமார் 500 மட்டுமே.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மீனைக் கொல்வது எப்படி என்பதை எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, மீன் எங்கே எத்தனை நாள் அசையாமல் இருக்கிறது என்பதை ஒருவர் பொறுமையாகத் தேடியிருக்கிறார். நம் ஊரில் அயல் மீன் பற்றிப் பேச்சு வந்தாலே 'பிடிங்க, கொல்லுங்க, தடை போடுங்க' என்று ஆரம்பிக்கிறோம். டேங்க் கிளீனர் நம் ஏரிக் கரைகளில் எந்த மாதம், எத்தனை ஆழத்தில் வளை தோண்டி முட்டையிடுகிறது என்று ஏரிக்கு ஏரி எழுதி வைத்திருக்கிறோமா?

அடுத்து, வண்டலில் கிடக்கும் குஞ்சை மட்டும் கொல்லும் பொருள் வேண்டும். 1954-ல் கனடாவும் அமெரிக்காவும் ஒப்பந்தம் போட்டுப் பேரேரி மீன்வள ஆணையத்தை உருவாக்கின. ஹியூரான் ஏரிக் கரையில் ஹம்மண்ட் பே என்ற இடத்தில் இருந்த ஆய்வு நிலையத்தில் ஆப்பிள்கேட்டின் குழு ஏற்கெனவே வேலையில் இறங்கியிருந்தது. கண்ணாடி ஜாடியில் தண்ணீர், அதில் லாம்ப்ரே குஞ்சுகளோடு ரெயின்போ டிரவுட்டும் புளூகில் என்ற மீனும். ஒரு ரசாயனத்தைக் கலந்து மறுநாள் பார்க்க வேண்டும். எல்லாம் செத்திருந்தால் அடுத்த ரசாயனம். எல்லாம் உயிரோடு இருந்தாலும் அடுத்த ரசாயனம். இப்படிச் சுமார் 6,000 பொருள்களைப் பார்த்தார்கள். லாம்ப்ரே மட்டும் செத்து மற்ற மீன்கள் நீந்திக்கொண்டிருந்த ஜாடி ஒருநாள் வந்தது. அந்த வகைச் சேர்மங்களைத் துருவிப் போனபோது கிடைத்ததுதான் டி.எஃப்.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மருந்து. 1958-ல் ஆற்றுக்குப் போனது.

அது ஏன் லாம்ப்ரேயைத் தேர்ந்தெடுத்துக் கொல்கிறது என்பதற்கான விடை பின்னால்தான் கிடைத்தது. இந்த மருந்து உயிரணு சக்தி தயாரிக்கும் வேலையைக் குலைக்கும். இது எல்லா மீனுக்கும் பொது. ஆனால் டிரவுட் போன்ற மீன்களின் கல்லீரல், சர்க்கரையிலிருந்து உண்டாகும் ஓர் அமிலத்தை மருந்தோடு கோத்து உடம்பை விட்டு வெளியேற்றிவிடும். லாம்ப்ரேயின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அதாவது மருந்து எல்லோரையும்தான் தாக்குகிறது. தாங்கிக்கொள்கிற கல்லீரல் இருப்பது பிழைக்கிறது. கல்லீரல் முழுதாக வளராத மீன் குஞ்சு என்ன ஆகும் என்ற கேள்வி இதற்குள்ளேயே இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மருந்து நாள்

ஒவ்வோர் ஆற்றுக்கும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை முறை வரும். அதற்கு முன்பு ஆட்கள் மின்கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குவார்கள். மெதுவாகத் துடிக்கும் மின்னோட்டம் புதைந்திருக்கும் குஞ்சுகளை வண்டலிலிருந்து வெளியே வரவைக்கும். எண்ணி, அளந்து, எந்த ஆற்றிலிருந்து அடுத்த ஆண்டு அதிகம் லாம்ப்ரே ஏரிக்குப் போகும் என்று கணித்து, பணம் எங்கே அதிகம் பயன்படுமோ அந்த ஆற்றை முதலில் எடுப்பார்கள்.

மருந்தின் வேகம் தண்ணீரைப் பொறுத்தது. கார அமில அளவு, அதாவது பி.எச்., ஏறினால் மருந்து செவுள் வழியாக உள்ளே போவது குறையும். இறங்கினால் கூடும். ஆற்றுப் பாசி வெயிலில் கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் காலையில் குறைவாக இருக்கும் பி.எச். பிற்பகலில் ஏறும். அதனால் ஒரே ஆற்றில், ஒரே நாளில், காலையில் போதுமான அளவு மாலையில் போதாமல் போகலாம். மாலைக்குக் கணக்கிட்டு ஊற்றினால் விடியற்காலையில் டிரவுட்டும் சாகலாம். முன்கூட்டியே சாயம் கலந்து தண்ணீர் எவ்வளவு நேரத்தில் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு சுமார் 12 மணி நேரம் மருந்தை அளந்து செலுத்துவார்கள். கீழே ஒவ்வோர் இடத்திலும் 9 மணி நேரமாவது கொல்லும் அளவு நிற்க வேண்டும். இரவு முழுவதும் மாதிரி எடுத்து அளந்துகொண்டே இருப்பார்கள். சின்ன ஓடைகளில் மெல்லக் கரையும் மருந்துக் கட்டியை வைப்பார்கள், தேங்கிய இடங்களில் தெளிப்பான் அடிப்பார்கள். அந்த ஆற்றிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் எடுக்கும் விவசாயிகளிடம் ஒரு நாளைக்கு எடுக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுவார்கள்.

மருந்து மீனின் உடம்பில் சேர்ந்து நிற்பதில்லை, வெயிலில் சிதைந்துவிடும். இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும், ஒரு நதியில் வேண்டுமென்றே நஞ்சு கலப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. உறுத்த வேண்டும் என்றும் நினைக்கிறேன். அந்த வேலையைச் செய்பவர்கள் விடிய விடிய அளந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் அவர்களுக்கும் அது இருக்கிறது என்றே தோன்றுகிறது.

பலன் பெரியது. பெரும்பாலான இடங்களில் லாம்ப்ரே எண்ணிக்கை உச்சத்தில் இருந்ததைவிடச் சுமார் 90 சதவீதம் குறைந்தது.

சொந்தக்காரர்கள்

பேரேரிப் பகுதிக்குச் சொந்தமான லாம்ப்ரே இனங்கள் நான்கு: சில்வர், செஸ்ட்நட், நார்தர்ன் புரூக், அமெரிக்கன் புரூக். முதல் இரண்டும் மீனின்மேல் ஒட்டி வாழ்பவை. ஆனால் பரிணாமம் முழுவதும் இந்த ஏரி மீன்களோடு சேர்ந்தே நடந்ததால் தொற்றிய மீனைப் பொதுவாகக் கொல்வதில்லை. மற்ற இரண்டும் இன்னும் சாது. வண்டலில் வளர்ந்து, உருமாறிய பிறகு எதுவுமே தின்னாமல், முட்டையிட்டுச் செத்துப்போகும்.

இந்த நான்கின் குஞ்சுகளும் கடல் லாம்ப்ரேயின் குஞ்சோடு அதே வண்டலில் இருக்கின்றன. சில்வர் வகைக்கு முதுகுத் துடுப்பு தொடர்ச்சியாக ஒன்று, கடல் லாம்ப்ரேக்கு இரண்டு என்று பார்த்துப் பிரிக்க மனிதனால் முடியும். மருந்துக்குத் துடுப்பை எண்ணத் தெரியாது. உறவினர்கள் என்பதால் கல்லீரலின் பலவீனமும் ஏறக்குறைய பொது. கடல் லாம்ப்ரே கொஞ்சம் சீக்கிரம் சாகும், அவ்வளவுதான். மருந்து போன ஆறுகளில் சொந்த லாம்ப்ரேக்களும் குறைந்தன. பேரேரிப் பகுதியின் நார்தர்ன் புரூக் லாம்ப்ரே கனடாவில் இன்று அக்கறையோடு கவனிக்க வேண்டிய இனமாகப் பட்டியலில் இருக்கிறது.

அவற்றுக்கு மிஞ்சிய புகலிடம் அணைகளுக்கும் அருவிகளுக்கும் மேலே உள்ள ஆற்றுப் பகுதிகள். கடல் லாம்ப்ரே அங்கே ஏற முடியாததால் மருந்தும் அங்கே போவதில்லை. கரிசனம் என்று சொன்னால் டிரவுட்டுக்கும் ஸ்டர்ஜன் என்ற மீனுக்கும் நிறையக் கிடைக்கிறது. தூண்டில்காரருக்கு வேண்டாத, வண்டலுக்குள் கண்ணில்லாமல் கிடக்கும் ஒரு விரல் நீளப் பிராணிக்கு அவ்வளவு கிடைக்கவில்லை. இந்தத் திட்டத்தின் பெரிய குறை இதுதான் என்பது என் எண்ணம்.

ஸ்டர்ஜன் கதை வேறு. ஏரி ஸ்டர்ஜன் நூறு ஆண்டுகளைத் தாண்டியும் வாழக்கூடியது. பெண் மீன் முதல்முறை முட்டையிடவே இருபது வயதுக்கு மேல் ஆகும், அதன் பிறகும் ஆண்டுதோறும் முட்டையிடாது. 19-ஆம் நூற்றாண்டின் மீன்பிடியும் ஆறுகளை மறித்த அணைகளும் சேர்ந்து அதைக் கிட்டத்தட்ட துடைத்தெடுத்துவிட்டன. அந்த மண்ணின் ஆதிக்குடிகளான அனிஷினாபே மக்களுக்கு அது புனிதமான மீன்.

வசந்தத்தில் பிறக்கும் ஸ்டர்ஜன் குஞ்சு 10 சென்டிமீட்டர் நீளத்தை எட்டும்வரை டி.எஃப்.எம். மருந்தை அதனால் சரியாகத் தாங்க முடியாது. முன்பு சொன்ன கல்லீரல் கேள்வி இங்கே வந்து நிற்கிறது. அதனால் ஸ்டர்ஜன் முட்டையிடும் ஆறுகளில் கோடையின் பின்பகுதிவரை காத்திருந்து, மருந்தின் அளவையும் குறைத்து ஊற்றும் முறை வந்தது. சரி, குஞ்சு பிழைத்தது. ஆனால் அளவு குறைந்ததால் லாம்ப்ரே குஞ்சுகளும் கூடுதலாகப் பிழைத்தன. பிழைத்தவை ஏரிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும் மீன்களில் வளர்ந்த ஸ்டர்ஜனும் ஒன்று.

கணக்கு எப்படிப் போடுவது? ஒரு ஸ்டர்ஜன் தன் வாழ்நாளில் பலமுறை முட்டையிடும். ஒரு வருடக் குஞ்சுகளில் ஒரு பங்கு போனால் அடுத்தடுத்த வருடங்கள் ஈடுகட்ட இடம் உண்டு. பதினைந்து, பதினெட்டு வயதுவரை வளர்ந்து, இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாத மீனை லாம்ப்ரே கொன்றால் ஈடுகட்ட இன்னொரு பதினெட்டு ஆண்டு வேண்டும். இப்படிப் பார்த்தால் மருந்தைச் சரியான அளவில் ஊற்றுவதே ஸ்டர்ஜனுக்கு நல்லது என்று வாதிடலாம். ஆனால் ஓர் ஆற்றில் முட்டையிட வரும் பெண் மீன்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தால், ஒரு வருடக் குஞ்சையும் விட்டுக்கொடுக்க முடியாது. பொதுவிதி எதுவும் இங்கே செல்லாது, ஆற்றுக்கு ஆறு பார்த்துத்தான் ஆக வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. மிச்சிகனில் மானிஸ்டீ ஆற்றங்கரையில் லிட்டில் ரிவர் பேண்ட் என்ற ஒட்டாவா பழங்குடி அமைப்பு, ஸ்டர்ஜன் குஞ்சுகளை ஆற்றிலிருந்து எடுத்து, அதே ஆற்றுத் தண்ணீர் ஓடும் கரையோரத் தொட்டிகளில் வளர்த்து, தேறிய பிறகு ஆற்றில் விடுகிறது. ஆற்றின் வாசனையோடே வளர்வதால் பெரிதானதும் முட்டையிட அதே ஆற்றுக்குத் திரும்பும் என்பது நம்பிக்கை. இருபது ஆண்டு கழித்து வரப்போகும் ஒரு மீனுக்காக இன்று தொட்டி கழுவுகிறவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பட்டியல் இதோடு முடிவதில்லை. மட்பப்பி என்ற நீர்வாழ் சாலமாண்டர் இந்த மருந்தில் பாதிக்கப்படுகிறது. ஸ்னஃப்பாக்ஸ் என்று ஓர் அருகிவரும் மட்டி இருக்கிறது. லாக்பெர்ச் என்ற சின்ன மீன் மூக்கால் கல்லைப் புரட்டி இரை தேடும்போது அந்த மட்டி அதன் தலையைக் கவ்விப் பிடித்து, தன் இளம்புழுக்களைச் செவுளில் ஏற்றிவிட்டு, பிறகு விட்டுவிடும். அந்த மீன் இல்லாவிட்டால் மட்டிக்கு அடுத்த தலைமுறை சிரமம். மருந்து மட்டியைத் தொடாவிட்டாலும் லாக்பெர்ச்சைத் தொட்டால் போதும். அதனால்தான் இன்று ஆய்வுக்கூடத்தில் மட்டி, மீன் இரண்டையும் வைத்துப் பார்க்கிறார்கள்.

அணை யாருக்கு நல்லது

லாம்ப்ரே துள்ளாது. நீர்மட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி விழுச்சியும், வாயால் பற்றி ஏற முடியாதபடி முன்னால் நீட்டிய விளிம்பும் இருந்தால் ஒரு குட்டித் தடுப்பணையே அதை நிறுத்திவிடும். பேரேரி ஆறுகளில் லாம்ப்ரேயை மறிப்பவற்றில் பெரும்பாலானவை அதற்காகக் கட்டப்படாதவை. மர அறுவை ஆலைக்கும் மாவு மில்லுக்கும் மின்சாரத்துக்கும் என்றோ கட்டிய பழைய அணைகள் அவை. ஒரே ஓர் அணை நல்ல நிலையில் நின்றால் அதற்கு மேலே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடைகளுக்கு மருந்தே தேவையில்லை.

அந்த அணைகளுக்கு வயதாகிவிட்டது. மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியான அப்பர் பெனின்சுலாவில் மானிஸ்டிக் ஆற்றின் பழைய அணை அரித்துப்போனபோது லாம்ப்ரே அதன் வழியே மேலே போய் மிச்சிகன் ஏரிக்கே ஒரு பெரிய ஊற்றாக ஆனது. பெரிய ஆறு என்பதால் மருந்துச் செலவும் பெரியது.

இன்னொரு பக்கம், ஆறுகளை விடுவிக்க வேண்டும், அணைகளை எடுக்க வேண்டும் என்ற குரல். அதில் முழு நியாயம் இருக்கிறது. சால்மன் துள்ளி ஏறிவிடும். ஸ்டர்ஜன் துள்ளாது, வாலாய் என்ற மீன் துள்ளாது, சக்கர் மீன் துள்ளாது. லாம்ப்ரேயை நிறுத்தும் அதே ஒன்றரை அடி, நூறு ஆண்டாக ஸ்டர்ஜனையும் கீழேயே நிறுத்திவைத்திருக்கிறது. எடுத்தால் இரண்டும் ஏறும், விட்டால் இரண்டும் நிற்கும்.

மிச்சிகன் மாநிலத்தின் டிராவெர்ஸ் சிட்டி என்ற ஊர் வழியாக ஓடும் போர்ட்மன் ஆற்றில், அதன் பழைய பெயரில் ஒட்டாவே ஆற்றில், இதை நேருக்கு நேர் சந்தித்தார்கள். மேலே இருந்த மூன்று அணைகளை 2012, 2017, 2018 ஆண்டுகளில் எடுத்தார்கள். ஆற்றின் வாயில் இருக்கும் கடைசி அணையை மட்டும் எடுக்கவில்லை. அந்த இடத்தில் ஃபிஷ்பாஸ் என்ற பெயரில் ஓர் ஆய்வு வசதியைக் கட்ட முடிவெடுத்தார்கள். மீன்களின் நீச்சல் வேகம், உடல் வடிவம், வாசனைக்கும் ஒளிக்கும் அவை காட்டும் குணம் ஆகியவற்றை வைத்து, வேண்டியதை மேலே விட்டு வேண்டாததைத் தடுக்க முடியுமா என்று பத்தாண்டுகள் பார்ப்பது திட்டம். உள்ளூரில் வழக்கு போட்டு சில ஆண்டுகள் நின்றுபோய், 2024-ல் கட்டுமானம் தொடங்கியது. இப்போதைக்குச் சில தடுப்பணைகளில் பொறியில் ஏறும் மீன்களை ஆட்கள் கையால் பிரித்து, சொந்த மீன்களை மேலே விடுகிறார்கள். நிறைய ஆள்பலம் தேவைப்படுகிற வேலை.

மருந்துக்கு மாற்று

செயின்ட் மேரிஸ் ஆறு சுப்பீரியரையும் ஹியூரானையும் இணைக்கிறது. டி.எஃப்.எம். ஊற்றிக் கட்டுப்படியாகாத அளவுக்குப் பெரியது. அதை விட்டுவைத்ததால் ஹியூரான் ஏரியின் வடபகுதி லாம்ப்ரே கூடாரமானது. 1990-களின் கடைசியில், ஆற்றின் அடியில் குஞ்சுகள் அடர்ந்த இடங்களை மட்டும் வரைபடம் போட்டு, அடியில் போய்க் கரையும் குருணை மருந்தைத் தூவினார்கள். பொறியில் பிடித்த ஆண் லாம்ப்ரேக்களை மலடாக்கி, கலவிக்குப் போட்டியாக விடும் வேலையையும் அதே ஆற்றில் 1997 முதல் 2011 வரை செய்து பார்த்தார்கள்.

வாசனை இன்னொரு வழி. சால்மன் போல லாம்ப்ரே பிறந்த ஆற்றுக்குத் திரும்புவதில்லை. குஞ்சுகளின் வாசனை வரும் ஆற்றில் ஏறும். 'இங்கே பிள்ளை வளர்ந்திருக்கிறது, நல்ல இடம்' என்று பொருள். முட்டையிடத் தயாரான ஆண் ஒரு வாசனை விட்டுப் பெண்ணை அழைக்கும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வெய்மிங் லி குழு அதன் முக்கியப் பொருளைப் பிரித்தெடுத்தது. முதுகெலும்புள்ள உயிர் ஒன்றின் ஃபெரோமோன், அதாவது இப்படி அழைக்கும் வாசனைப் பொருள், பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழ் பதிவான முதல் நிகழ்வு அதுதான். செத்த லாம்ப்ரேயின் வாசனை மற்றவற்றை விரட்டும். ஒன்றைக் கொண்டு இழுத்து, மற்றதைக் கொண்டு தள்ளிப் பொறிக்குள் கொண்டுவரலாம். இதெல்லாம் துணைக் கருவிகளாகவே இருக்கின்றன. திட்டத்தின் முதுகெலும்பு இன்றும் மருந்தும் அணையும்தான்.

பிடித்துத் தின்றால் என்ன என்று பலரும் கேட்பார்கள். போர்ச்சுகலிலும் பிரான்சிலும் இது விலையுயர்ந்த உணவு. பிரிட்டனில் அருகிப்போய்ப் பாதுகாக்கப்படும் இனம். 2012-ல் இரண்டாம் எலிசபெத் அரசியின் வைர விழாவுக்கு குளூஸ்டர் நகரம் மரபுப்படி கொடுக்கும் லாம்ப்ரே பணியாரத்துக்கு மீன் பேரேரிகளிலிருந்துதான் போனது. ஆனால் பேரேரி லாம்ப்ரேயின் உடம்பில் பாதரசம் அதிகம், சந்தைக்கு உகந்ததில்லை. விற்பனை ஆரம்பித்தால் அதை வளர்த்து வைத்திருப்பதில் ஒருவருக்கு லாபமும் வந்துவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி விஷயத்தில் நாம் பார்த்திருக்கிறோம்: தடை செய்த பிறகும் குளத்தில் வளர்க்க ஆள் இருக்கிறது, மழை வெள்ளத்தில் குளம் உடைய ஆறும் பக்கத்திலேயே இருக்கிறது.

நிறுத்தினால்

2020-ல் கொரோனா வந்தது. எல்லை மூடியது, குழுக்கள் வெளியூர் போக முடியவில்லை. அந்த ஆண்டு மருந்து வேலையில் முக்கால்வாசி நடக்கவில்லை. 2021-லும் கால்வாசி விட்டுப்போனது. வண்டலில் கிடந்த குஞ்சுகள் உருமாறி ஏரிக்கு வந்தன, அடுத்த சில ஆண்டுகளில் எண்ணிக்கை இலக்கைத் தாண்டி ஏறியது. அறுபது ஆண்டு உழைப்பின் பலன் இரண்டு கோடைக்காலம் நின்றதும் ஆட்டம் கண்டது. எல்லா ஆற்றிலும் ஒரே நேரத்தில் ஒழிக்கும் வழி கைக்கு வரும்வரை இது ஆண்டுச் செலவாகத்தான் இருக்கும். ஒருமுறை ஒதுக்கீடு, ஒருமுறை தூர்வாரல், திறப்பு விழா, முடிந்தது என்று பழகிப்போன நம் திட்டப் பழக்கத்துக்கு இது ஒத்துவராது.

டிரவுட்

லாம்ப்ரே குறைந்ததும் டிரவுட் தானாகத் திரும்பிவிடவில்லை. பண்ணையில் வளர்த்த குஞ்சுகளை லட்சக்கணக்கில் விட்டார்கள். அவை வளர்ந்தன, முட்டையும் இட்டன. ஆனால் பல இடங்களில் முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் செத்தன. தாய் மீன் தின்றது ஏல்வைஃப். அந்த மீனில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது. தாய்க்குப் பி1 இல்லாமல் முட்டைக்கும் இல்லாமல் போனது. ஹியூரான் ஏரியில் 2003, 2004 வாக்கில் ஏல்வைஃப் சரிந்த பிறகுதான் இயற்கையாகப் பிறந்த டிரவுட் நன்றாகத் தலைகாட்டியது. ஓர் அயல் மீனை அடக்கும் திட்டம் போடுகிறவர்கள், அது போன இடத்தில் வேறு எது உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சுப்பீரியர் ஏரியில் நிலைமை மேலாக இருந்தது. அங்கே ஏல்வைஃப் குறைவு, கரைக்கு எட்டாத மேடுகளில் சொந்த டிரவுட் கொஞ்சம் தப்பிப் பிழைத்தும் இருந்தது. அந்த மிச்சத்திலிருந்தே மீண்டது. 1990-களிலேயே பெரும்பாலான இடங்களில் குஞ்சு விடுவதை நிறுத்தினார்கள். 2024-ல் அந்த ஏரியின் மீன்வள நிர்வாகங்கள் கூடி, லேக் டிரவுட் முழுமையாக மீண்டுவிட்டது என்று அறிவித்தன. லாம்ப்ரே முதலில் வந்ததிலிருந்து கணக்கிட்டால் 86 ஆண்டுகள்.

அறிவிப்புக்குப் பிறகு லாம்ப்ரே வேலை குறையவில்லை. ஆறுகளில் பனி விலகியதும் மார்க்கெட், லடிங்டன், சூ செயின்ட் மரீ என்ற மூன்று ஊர்களிலிருந்து குழுக்கள் கிளம்புகின்றன. முதுகில் மின்கருவியோடு இறங்கி, வண்டலிலிருந்து எழும் குஞ்சுகளை வலையில் எடுத்து, முதுகுத் துடுப்பு ஒன்றா இரண்டா என்று பார்த்து எண்ணுகிறார்கள்.